கூரை இல்லாதோருக்கும் சூரியன் உண்டு: கூடாரத்துக்கு ஏற்ற மின்சாரம் எது?

புது தில்லி: வீட்டுக் கூரைகளில் சூரிய மின்சாரம் தயாரிக்கும் "பிரதமரின் சூரிய வீடு" திட்டத்துக்கு மத்திய அரசு 2024-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அறிவித்த தொகை ரூ. 75,021 கோடி. 1 கோடி வீடுகளுக்குப் பயன் சேர வேண்டும் என்பது இலக்கு. 1 கிலோவாட் அமைப்புக்கு ரூ. 30 ஆயிரம், 2 கிலோவாட்டுக்கு ரூ. 60 ஆயிரம், 3 கிலோவாட் அல்லது அதற்கு மேற்பட்டதற்கு ரூ. 78 ஆயிரம் என மானியம் நிர்ணயிக்கப்பட்டது. இந்த மானியத்தைப் பெறுவதற்கு வீட்டுக்குக் கூரை இருக்க வேண்டும். மின் இணைப்பும் இருக்க வேண்டும்.

இவ்விரண்டும் இல்லாத குடிமக்களும் இந்நாட்டில் உள்ளனர். லடாக்கின் சாங்தாங் பீடபூமியில் பஷ்மினா ஆடு வளர்க்கும் சாங்பாக்கள், ஜம்மு சமவெளிக்கும் காஷ்மீர் மலை மேய்ச்சல் நிலங்களுக்கும் இடையே ஆண்டுதோறும் நடக்கும் பக்கர்வால்கள், உத்தரகண்டின் எருமை மேய்க்கும் வன குஜ்ஜர்கள், கட்ச் பகுதியின் ரபாரிகள் ஆகியோர் மந்தையோடு இடம் பெயர்ந்து வாழும் வழக்கம் உடையவர்கள். மின்கம்பம் இவர்களைப் பின்தொடர்ந்து வர இயலாது. இவர்களுக்கு வேண்டியது, கூடாரத்தோடு சுருட்டிக் குதிரை மீதோ யாக் மீதோ ஏற்றிச் செல்லத்தக்க சிறியதொரு சூரிய மின் அமைப்பு.

மின்விசிறி எதற்கு?

இவர்களை நினைத்துத் திட்டங்கள் வகுக்கப்படுவது அரிது. 2017-ஆம் ஆண்டு செப்டம்பரில் தொடங்கி 2022 மார்ச்சில் முடிவுற்ற "சௌபாக்யா" திட்டத்தில், மின்கம்பி எட்டாத தொலைதூர வீடுகளுக்கென 200 முதல் 300 வாட் திறன் கொண்ட தொகுப்பு வகுக்கப்பட்டது. ஐந்து எல்.இ.டி. விளக்குகள், ஒரு மின்விசிறி, ஒரு மின்செருகி ஆகியவை அதில் அடக்கம். ஓரிடத்தில் நிலைத்து வாழும் வீட்டுக்கு இது பொருத்தமே. ஆனால், கடல் மட்டத்திலிருந்து 4,000 மீட்டருக்கும் மேலே, யாக் மயிரால் நெய்த "ரெபோ" கூடாரத்தில் வாழும் குடும்பத்துக்கு மின்விசிறியால் என்ன பயன்? 200 வாட் தகட்டையும் அதற்கேற்ற ஈய-அமில பேட்டரியையும் ஆண்டுக்குப் பலமுறை சுமந்து செல்ல விலங்கின் முதுகில் இடம் ஏது?

எனவே, "எத்தனை வாட் கொடுத்தோம்" என்பதைக் காட்டிலும், "எத்தனை வாட் தேவை" என்பதே முதலில் எழ வேண்டிய கேள்வியாகும்.

தேவையின் கணக்கு

கணக்கு எளிது. 5 வாட் விளக்குகள் இரண்டு, இரவில் 5 மணி நேரம் எரிந்தால் 50 வாட்-மணி. இரு செல்பேசிகளுக்கு மின்னேற்ற ஏறத்தாழ 30 வாட்-மணி. 3 வாட் வானொலி 4 மணி நேரம் ஒலிக்க 12 வாட்-மணி. கைவிளக்குக்குச் சிறிது சேர்த்தால், நாளொன்றுக்கு 100 வாட்-மணி போதும்.

மின்கம்பியிலும் பேட்டரியிலும் ஏற்படும் இழப்புகளுக்கு நான்கில் ஒரு பங்கை ஒதுக்கிவிட்டு, முழு வெயிலுக்கு நிகரான நேரம் நாளொன்றுக்கு நாலரை மணி என்று கொண்டால், 40 வாட் தகடு 135 வாட்-மணி தரும். தேவை தீர்ந்து மீதமும் இருக்கும். கூரைத் திட்டத்தில் 3 கிலோவாட் அமைக்கும் ஒரு வீட்டின் தகடுகளைப் பகிர்ந்தால், இத்தகைய 75 கூடாரங்களுக்கு ஒளி கிடைக்கும். அந்த ஒளி வசதிக்கானது மட்டுமன்று. இரவில் ஈனும் ஆட்டைக் கவனிக்கவும், ஓநாயும் பனிச் சிறுத்தையும் பட்டியை நெருங்காமல் காவல் இருக்கவும் அது தேவை.

பேட்டரியில்தான் சிக்கல்

தகட்டைத் தேர்வு செய்வது எளிது; பேட்டரியைத் தேர்வு செய்வதே கடினம். இரண்டு நாள் வெயில் இல்லாவிடினும் சமாளிக்க 200 வாட்-மணி சேமிப்பு வேண்டும். ஈய-அமில பேட்டரியைப் பாதிக்கு மேல் வடியவிட்டால் அதன் ஆயுள் குறையும். ஆகவே 12 வோல்ட், 40 ஆம்பியர்-மணி அளவில் வாங்க நேரும். அதன் எடை 12 கிலோவைத் தாண்டும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையில் 20 ஆம்பியர்-மணி போதும். எடை சுமார் 3 கிலோ. விலை அதிகமாயினும் ஆயுள் பல மடங்கு நீள்வதால், ஆண்டுக் கணக்கில் பார்த்தால் இழப்பில்லை.

ஆனால், கடுங்குளிரில் இரண்டுக்கும் குறைபாடு உண்டு. லித்தியம் வகையைப் பூஜ்ய டிகிரிக்குக் கீழே மின்னேற்றினால் அது நிரந்தரமாகக் கெடும். அதற்குத் தடுப்புச் சுற்று உள்ளதையே வாங்க வேண்டும். பேட்டரியைக் கம்பளியில் சுற்றிக் கூடாரத்துக்குள் வைத்துவிட்டுத் தகட்டை மட்டும் வெளியே வைக்க வேண்டும். ஈய-அமில வகை நன்கு மின்னேறிய நிலையில் கடுங்குளிரையும் தாங்கும். முற்றிலும் வடிந்த நிலையில் பூஜ்யத்துக்குச் சில டிகிரி கீழேயே அதன் அமிலக் கரைசல் உறைந்து, பேட்டரி வெடிப்புற நேரும். தகடோ இதற்கு நேர்மாறு. குளிர் கூடக் கூட அதன் திறனும் மின்னழுத்தமும் உயரும். அந்த உயர்வைத் தாங்கக்கூடிய கட்டுப்பாட்டுக் கருவி தேவை.

பிற விதிகள் சில. பேட்டரியின் நேர்மின்சாரத்திலேயே இயங்கும் விளக்குகளை வாங்கினால் இன்வெர்ட்டர் தேவையில்லை. அதில் வீணாகும் மின்சாரமும் மிஞ்சும். 12 வோல்ட் அமைப்பில் நீண்ட, மெல்லிய கம்பி பெரும் இழப்பை உண்டாக்கும். கம்பி குறுகியதாகவும் தடித்ததாகவும் இருக்க வேண்டும். பேட்டரியை ஒட்டி ஃபியூஸ் கட்டாயம். தகட்டின் ஒரு மூலையில் விழும் நிழல்கூட உற்பத்தியைப் பெருமளவு குறைக்கும். தெற்கு நோக்கி, குளிர்காலத்தில் ஏறத்தாழ 50 டிகிரி சாய்வில் நிறுத்தினால் தாழ்ந்த வெயிலும் நேராக விழும், பனியும் தங்காது.

வரியும் பழுதும்

2025 செப்டம்பர் 22 முதல் சூரிய மின்தகடுகளுக்கான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. தனியே வாங்கும் பேட்டரிக்கு 18 சதவீதம் செலுத்த வேண்டும். கூரை அமைப்பில் உபரி மின்சாரத்தைக் கட்டமைப்புக்கு அனுப்பிவிடலாம். அங்கே பேட்டரி இன்றியமையாதது அன்று. கூடாரத்திலோ பேட்டரி இன்றி விளக்கே இல்லை. ஆக, வரிக் குறைப்பின் முழுப் பலனும் கூடாரவாசியைச் சென்று சேரவில்லை.

பழுது நீக்கம் மற்றொரு பிரச்சினை. இலவசமாக வழங்கப்படும் விளக்கு, ஃபியூஸ் ஒன்று போனதற்காக மூலையில் கிடப்பது நாடெங்கும் காணும் காட்சி. ராஜஸ்தானின் திலோனியாவில் 1972-இல் தொடங்கப்பட்ட "வெறுங்கால் கல்லூரி", அதிகம் படித்திராத கிராமப் பெண்களைச் சூரிய மின் பொறியாளர்களாகப் பயிற்றுவித்துக் காட்டியுள்ளது. மேய்ச்சல் குழு ஒவ்வொன்றிலும் ஒருவருக்கு அத்தகைய பயிற்சியும், ஒரு பெட்டி உதிரி பாகங்களும் அளிப்பதற்குப் பெருஞ்செலவு ஆகாது.

அவர்கள் நிலம், யாருக்கு மின்சாரம்?

இப்பிரச்சினைக்கு மற்றொரு முகமும் உண்டு. லடாக்கின் பாங் பகுதியில் அமையவுள்ள 13 ஆயிரம் மெகாவாட் புதுப்பிக்கத்தக்க எரிசக்தித் திட்டத்தின் மின்சாரத்தை ஹரியாணாவின் கைத்தலுக்குக் கொண்டுவர, ரூ. 20,773 கோடியில் மின்தொடர் அமைக்க மத்திய அமைச்சரவை 2023 அக்டோபரில் ஒப்புதல் அளித்தது. நிலக்கரியைக் குறைக்க இத்தகைய திட்டங்கள் நாட்டுக்குத் தேவை என்பதில் ஐயமில்லை. எனினும், தகடுகள் பரவும் நிலம் சாங்பாக்களின் மேய்ச்சல் நிலம் என்ற கவலை லடாக்கில் வலுவாக ஒலிக்கிறது. சோனம் வாங்சுக் 2024 மார்ச்சில் லே நகரில் மேற்கொண்ட 21 நாள் உண்ணாவிரதத்தின்போதும் இக்கவலை முன்வைக்கப்பட்டது.

தங்கள் மேய்ச்சல் வெளியில் விளையும் மின்சாரம் 700 கிலோமீட்டர் கடந்து சமவெளிக்குச் செல்கையில், தங்கள் கூடாரத்துக்கு 40 வாட்டைக் கேட்பது சலுகை ஆகாது. கூரைக்கென வகுத்த மானியத்தில் "எடுத்துச் செல்லத்தக்க அமைப்பு" என்றொரு பிரிவைச் சேர்ப்பதும், நிலையான முகவரிக்குப் பதிலாக மேய்ச்சல் அனுமதிச் சீட்டையோ பழங்குடிச் சான்றையோ ஏற்பதும், பேட்டரியைப் பகுதிவாரியாகத் தட்பவெப்பத்துக்கேற்பத் தேர்வு செய்வதும் அரசாணை ஒன்றில் முடியக்கூடிய காரியங்கள். கோடிக்கணக்கான கூரைகளை எண்ணும் அரசு, கூடாரங்களையும் எண்ணத் தொடங்க வேண்டும்.