எக்ஸெல் வண்டிக்கு ஆயில் பார்த்தீர்களா?



நமது குழுக்களில் ஆடு, மாடு வாங்கக் கடன் கேட்பது போல வண்டி வாங்கக் கடன் கேட்பதும் இப்போது சாதாரணமாகிவிட்டது. பூ, மீன், காய்கறி, பால் எதுவானாலும் விடியற்காலையில் சரக்கு எடுக்கப் போக வண்டி வேண்டும். மாட்டுக்குக் கடன் கொடுக்கும்போது பல்லைப் பார்க்கிறோம், மடியைப் பார்க்கிறோம், எத்தனையாவது ஈத்து என்று கேட்கிறோம். வண்டிக்கு மட்டும் பெயிண்ட் பளபளப்பைப் பார்த்துவிட்டுத் தீர்மான நோட்டில் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். வண்டி நின்றால் வியாபாரம் நிற்கும், அடுத்த மாதத் தவணையும் நிற்கும். ஆகவே நம்மில் அதிகம் பேர் ஓட்டுகிற எக்ஸெல் வண்டி பத்து வருடம் உழைக்க என்ன செய்யவேண்டும் என்று இந்த இதழில் பேசுவோம்.

ஓசூரில் தயாரான டி.வி.எஸ். 50 மொபெட் 1980-ல் வந்தது. அதன் வழியில் வந்ததுதான் எக்ஸெல். நம் வீட்டுப் பெரியவர்கள் ஓட்டிய பழைய எக்ஸெல், டூ ஸ்ட்ரோக் வண்டி. பெட்ரோல் போடும்போதே டூ டி ஆயிலையும் கலந்து ஊற்றுவார்கள். அந்த ஆயில் பெட்ரோலோடு இஞ்சினுக்குள் போய், பிஸ்டனுக்கு வழவழப்பு கொடுத்துவிட்டு, எரிந்து புகையாக வெளியே போய்விடும். ஒவ்வொரு முறை பெட்ரோல் போடும்போதும் புது ஆயில் சேர்ந்துகொண்டே இருந்ததால், "ஆயில் மாத்தணும்" என்ற பேச்சே பெரும்பாலும் எழவில்லை.

2015-ல் வந்த எக்ஸெல் 100 அப்படி இல்லை. அது ஃபோர் ஸ்ட்ரோக். பெட்ரோலில் எதையும் கலக்கக்கூடாது. இஞ்சினின் அடியில் ஆயில் தனியாகத் தங்கியிருக்கும். அதே ஆயில்தான் மேலும் கீழும் சுற்றிச் சுற்றி வேலை செய்கிறது. பார்வைக்கு இரண்டும் ஒரே மாதிரி வண்டி, ஓட்டுவதும் ஒரே மாதிரிதான். அதனால் பழைய பழக்கத்திலேயே இருந்துவிடுகிறோம். "ரெண்டு வருஷமா ஆயிலே மாத்தலக்கா, வண்டி நல்லாத்தான் ஓடுது" என்று கூட்டத்தில் பெருமையாகச் சொல்பவர்களும் உண்டு. ஓடும்தான், நிற்கிற நாள் வரைக்கும்!

உள்ளே நடப்பது இதுதான். சுற்றிக்கொண்டே இருக்கும் ஆயில் சூட்டில் வெந்து, கரியும் இரும்புத் துகளும் சேர்ந்து கறுத்துப்போகும். கொஞ்சம் கொஞ்சமாக எரிந்து அளவும் குறையும். வண்டிக்கு வயதாக ஆக, பிஸ்டன் ரிங் தேய்ந்து இன்னும் வேகமாகக் குறையும். ஆயில் குறைந்துவிட்டது என்று சொல்ல நம் வண்டியில் விளக்கு எதுவும் எரியாது. 'கடகட' என்று சத்தம் வந்து நமக்குத் தெரியும்போது உள்ளே தேய்மானம் ஏற்பட்டிருக்கும். அதற்குப் பிறகும் ஓட்டினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். இதைத்தான் மெக்கானிக் "இஞ்சின் சீஸ் ஆயிடுச்சு" என்கிறார். சில நூறு ரூபாய் ஆயிலில் முடிய வேண்டியது, பல ஆயிரம் ரூபாய் இஞ்சின் வேலையாகிவிடும். மெக்கானிக் கடையில் வண்டி கிடக்கும் நாட்களுக்கு வியாபாரமும் போச்சு.

ஆயில் பார்ப்பதற்கு மெக்கானிக் வேண்டாம். சமதரையில் நடு ஸ்டாண்ட் போட்டு, இஞ்சினை நிறுத்திச் சில நிமிடம் விடுங்கள். ஆயில் மூடியோடு ஒரு குச்சி இருக்கும். அதை எடுத்துத் துணியில் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பாருங்கள். ஆயில் இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருக்கவேண்டும். மூடியைத் திருகிப் பார்ப்பதா, சும்மா வைத்துப் பார்ப்பதா என்பது வண்டிக்கு வண்டி மாறும். சர்வீஸ் விடும்போது ஒருமுறை செய்துகாட்டச் சொல்லிக் கற்றுக்கொள்ளுங்கள். வீட்டு ஆண்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று விடவேண்டாம். கடன் நம் பேரில்தானே இருக்கிறது.

எப்போது மாற்றுவது என்பது வண்டியோடு கொடுத்த புத்தகத்தில் இருக்கும். மெக்கானிக்குகள் பொதுவாக 3,000 கிலோமீட்டர் என்பார்கள். அரிசி மூட்டை, மீன் கூடை ஏற்றி ஓடுகிற வண்டிக்குச் சூடு அதிகம், ஆகவே சொன்ன கணக்குக்கு முன்னாலேயே மாற்றுவது நல்லது. இரு சக்கர வண்டிக்கென்று விற்கிற ஃபோர் டி ஆயிலையே ஊற்றுங்கள். டிராக்டருக்கு வாங்கியதில் மிச்சம் இருக்கிறதே என்று அதை ஊற்றினால், ஆயிலுக்குள்ளேயே கிளட்ச் ஓடும் வண்டிகளில் கிளட்ச் வழுக்க ஆரம்பிக்கும்.

அடுத்தது செயின். மண் ரோட்டுப் புழுதியும் மழைத் தண்ணீரும் செயினுக்கு எமன். நடுவில் விரலால் தூக்கிப் பார்த்தால் 2 முதல் 3 சென்டிமீட்டர் ஆடலாம், அதற்கு மேல் தொங்கினால் இழுத்துக் கட்டவேண்டும். பல்சக்கரத்தின் பல் கூராகத் தேய்ந்திருந்தால் செயினையும் இரண்டு சக்கரங்களையும் சேர்த்தே மாற்றுங்கள். செயினை மட்டும் புதிதாகப் போட்டால் தேய்ந்த பல் புதுச் செயினையும் சீக்கிரமே கெடுத்துவிடும். பிரேக்கைப் பற்றி ஒரே வார்த்தை: பிடி கைப்பிடி வரைக்கும் வந்து ஒட்டினால் அன்றைக்கே காட்டுங்கள், சந்தை முடியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள்.

ஸ்டார்ட் ஆகாமல் மக்கர் பண்ணுவதற்குப் பல சமயம் காரணம் பெட்ரோலில் சேர்ந்த தண்ணீர்தான். பெட்ரோலில் எத்தனால் கலப்பது 2025-ல் 20 சதவீதத்தை எட்டியது. எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும் குணம் உள்ளது. ஆகவே மழைக்காலத்தில் டேங்க் மூடி சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். மாதக்கணக்கில் வண்டியை நிறுத்துவதானால் பழைய கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோலை வடித்துவிடச் சொல்லுங்கள்.

பழைய வண்டி வாங்கக் கடன் கேட்டு வருபவர்களுக்கும் சில விஷயம். 2018-ல் தொடங்கிய அம்மா இரு சக்கர வாகனத் திட்டத்தில் உழைக்கும் மகளிருக்கு வண்டி விலையில் பாதி, அதிகபட்சம் 25,000 ரூபாய் மானியம் கிடைத்தது. திட்டம் நின்றுவிட்டாலும் அந்த நாளில் வாங்கிய வண்டிகள் இப்போது கைமாறி வருகின்றன. பார்க்கப் போனதும் முதலில் இஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். சில்லென்று இருக்கவேண்டும். முன்னாலேயே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் காலையில் ஸ்டார்ட் ஆகாத குறை தெரியாது. சைலன்சரில் நீலப் புகை விடாமல் வந்தால் ஆயில் எரிகிறது என்று அர்த்தம், விலை எவ்வளவு குறைவாகச் சொன்னாலும் யோசியுங்கள். மீட்டரை மட்டும் நம்பவேண்டாம். கால் வைக்கும் ரப்பரும் செயின் பல்லும் வண்டி எவ்வளவு ஓடியிருக்கும் என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஆர்.சி. புத்தகத்தில் வங்கிக் கடன் பதிவு இருந்தால் அதை நீக்கிய பிறகே பணம் கொடுங்கள். வாங்கிய 30 நாளுக்குள் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். 2018 செப்டம்பர் 1 முதல் புது வண்டிக்கு ஐந்து வருட மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் சேர்த்தே கட்டினோம் அல்லவா? அந்த வண்டிகளில் 2018, 2019-ல் வாங்கியவற்றுக்கு அது 2023, 2024-லேயே முடிந்துவிட்டது. புதுப்பிக்க மறந்த நிலையில் யார் மீதாவது மோதினால் நஷ்டஈடு நம் தலையில் விழும்.

வண்டிக் கடன் கொடுக்கும் குழுக்கள், உறுப்பினரின் பாஸ்புத்தகத்திலேயே கடைசியாக ஆயில் மாற்றிய தேதியையும் மீட்டர் கணக்கையும் எழுதி வாருங்கள். மாதக் கூட்டத்துக்கு வண்டியில் வருபவர்கள் சேமிப்பைக் கட்டிவிட்டு வாசலில் ஒரு நிமிடம் ஆயில் குச்சியை எடுத்துப் பார்த்தால் போதும்.