பிறந்த தேதி தெரியும் என்றால் என்ன பொருள்?

உங்கள் பிறந்த தேதி உங்களுக்குத் தெரியுமா? இது என்ன கேள்வி, தெரியாமலா இருக்கும் என்பீர்கள். சரி, எப்படித் தெரியும்? பிறந்தபோது நீங்கள் அங்கேதான் இருந்தீர்கள். ஆனால் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துத் தேதியைக் குறித்துக்கொள்ளும் நிலையில் இல்லை. அம்மா சொன்னார், அல்லது சான்றிதழில் இருக்கிறது. அம்மா சொன்னது இன்னொருவர் சொல். சான்றிதழ் என்பதும் யாரோ சொன்னதை வேறு யாரோ எழுதி வைத்ததுதான்.

அறிவு எப்படி வருகிறது, ஒரு நம்பிக்கையை எப்போது அறிவு என்று ஒப்புக்கொள்ளலாம் என்று ஆராயும் நூல்களில் மேசை, நாற்காலி, கனவு என்று உதாரணங்கள் வரும். எனக்கென்னவோ அவற்றைவிடப் பிறந்த தேதி நல்ல உதாரணமாகப் படுகிறது. நூறு படிவங்களில் உறுதிமொழி கொடுத்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். வேலை, ஓய்வு, திருமணம், தண்டனை எல்லாம் அதை வைத்துத் தீர்மானமாகின்றன. ஆனால் அதை நேரடியாக அறிய நமக்கு வழியே இல்லை.

அறிவு வரும் வழிகளை நம் மரபில் பிரமாணம் என்பார்கள், தமிழில் அளவை. யார் எத்தனை அளவைகளை ஒப்புக்கொண்டார்கள் என்பதில் பெரிய சண்டையே நடந்திருக்கிறது. உலகாயதர் காட்சி ஒன்றே போதும் என்றார்கள். திக்நாகர் வழி வந்த பௌத்தர்கள் காட்சி, அனுமானம் என்று இரண்டோடு நிறுத்திக்கொண்டார்கள். நியாய மரபினர் இவற்றோடு உவமானத்தையும் சொல்லையும் சேர்த்து நான்கு என்றார்கள். மணிமேகலையின் 27ஆவது காதையில் ஒரு வைதிகவாதி பத்து அளவைகளை வரிசையாக அடுக்குகிறார். அதே காதையில் காட்சியைத் தவிர வேறெதையும் ஏற்காத பூதவாதியைப் பார்த்து மணிமேகலை சிரித்துவிடுகிறாள். உன் தாய் தந்தையர் இவர்கள்தான் என்பதை அனுமானம் இல்லாமல் நீ எப்படி அறிவாய் என்று அவள் கேட்கிறாள். பெற்றோருக்குப் பதிலாகப் பிறந்த தேதியைப் போட்டாலும் அந்தக் கேள்வி அப்படியே நிற்கும்.

காது தொட்ட கை

போன தலைமுறையில் பிறப்புச் சான்றிதழ் இல்லாமல் பள்ளியில் சேர்ந்தவர்கள் ஏராளம். பையனுக்கு என்ன வயசுன்னு வாத்தியார் கேட்பார். "அஞ்சு முடிஞ்சிருக்கும் சார்" என்பார் அப்பா. உடனே ஒரு சோதனை: வலது கையைத் தலைக்கு மேல் கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டுவிட்டால் ஐந்து வயது ஆகிவிட்டது என்று கணக்கு. சிறு குழந்தைக்கு உடம்போடு ஒப்பிடத் தலை பெரிது, கை குட்டை. வளர வளர அந்த விகிதம் மாறும். ஆக இது சுத்தமான அனுமானம். புகையைப் பார்த்து நெருப்பை ஊகிப்பது போல, காதைத் தொட்ட விரலைப் பார்த்து வயதை ஊகிக்கிறோம். இதில் தோராயமான வயது கிடைக்கும், தேதி கிடைக்காது.

ஆனால் பதிவேட்டில் தேதிக்கு ஒரு கட்டம் இருக்கிறது, அதைக் காலியாக விட முடியாது. பள்ளி திறப்பது ஜூனில். அதனால் மே மாதத்திலோ ஜூன் மாதத்திலோ ஒரு தேதியைத் தலைமை ஆசிரியரே போட்டுவிடுவார். அந்தத் தலைமுறையில் ஊர் முழுக்கக் கோடையில் பிறந்தவர்களாக இருப்பது இப்படித்தான். சீக்கிரம் சேர்க்க வேண்டும் என்று சிலருக்கு வயதைக் கூட்டினார்கள். நாளைக்கு சர்வீஸ் கூடக் கிடைக்கட்டும் என்று சிலருக்குக் குறைத்தார்கள்.

தலைமை ஆசிரியர் குத்துமதிப்பாகப் போட்ட ஜூன் 1, தற்செயலாக அந்தப் பையனின் உண்மையான பிறந்த நாளாகவே அமைந்துவிட்டது என்று வையுங்கள். பெரியவனான பின் அவன், நான் பிறந்தது ஜூன் 1 என்கிறான். சொன்னது உண்மை. அவன் அதை நம்புகிறான். ஆதாரமாகச் சான்றிதழும் கையில் இருக்கிறது. அப்படியானால் அவனுக்கு அது *தெரியும்* என்று சொல்லலாமா?

1963இல் எட்மண்ட் கெட்டியர் என்ற அமெரிக்கத் தத்துவ ஆசிரியர் மூன்றே பக்கக் கட்டுரையில் எழுப்பிய சிக்கல் இதுதான். தகுந்த ஆதாரத்தோடு நம்பி, நம்பியதும் உண்மையாக இருந்தால் அது அறிவு என்ற விளக்கத்தை அவர் எடுத்துக்கொண்டார். அந்த மூன்றும் இருந்தும் அறிவு என்று சொல்ல முடியாத நிலை உண்டு என்று காட்டினார். அவருக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, 12ஆம் நூற்றாண்டில், ஸ்ரீஹர்ஷர் இதற்கு நெருக்கமான ஒன்றைக் கேட்டிருக்கிறார். மூடிய கைக்குள் ஐந்து சோழிகள் இருக்கின்றன. எத்தனை என்று கேட்டதும் எதிரில் இருப்பவர் சும்மா ஐந்து என்கிறார், சரியாகவும் இருந்துவிடுகிறது. அதை அறிவு என்பீர்களா?

பெரும்பாலோர் இல்லை என்றுதான் சொல்வோம். குருட்டாம்போக்கில் அடித்தது பட்டுவிட்டது, அவ்வளவுதான். இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. பதில் சரியா என்று பார்த்தால் போதாது. அது எந்த வழியாக வந்து சேர்ந்தது என்றும் பார்க்க வேண்டும். நம் பையனின் சான்றிதழ் உண்மையான தாள்தான், முத்திரையும் அசல்தான். ஆனால் அந்தத் தேதிக்கும் அவன் பிறந்த நாளுக்கும் நடுவே எந்தத் தொடர்பும் இல்லை.

யார் சொல்லை நம்பலாம்?

நியாய மரபினர் சொல்லை ஒரு தனி அளவையாக ஏற்றார்கள் என்று பார்த்தோம். ஆனால் யார் சொல்லும் என்று அல்ல, 'ஆப்தர்' சொல். ஆப்தர் என்றால் யார்? நியாய சூத்திரத்துக்கு உரை எழுதிய வாத்ஸ்யாயனர் சொல்வதை எளிமையாக இப்படிப் பிரிக்கலாம்: விஷயத்தை நேரடியாக அறிந்தவராக இருக்க வேண்டும், அறிந்ததை அறிந்தபடியே சொல்ல வேண்டும் என்ற விருப்பமும் இருக்க வேண்டும். ரிஷிக்கும் ஆரியருக்கும் மிலேச்சருக்கும் இந்த இலக்கணம் ஒன்றேதான் என்கிறார். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. நம்பகம் என்பது ஆளின் அந்தஸ்தில் இல்லை. இந்தக் குறிப்பிட்ட விஷயத்தில் இவர் அறிந்தவரா, நேர்மையாகச் சொல்கிறாரா என்பதில் இருக்கிறது.

இதைப் பள்ளிப் பதிவேட்டுக்குப் பொருத்திப் பாருங்கள். அப்பாவுக்கோ அம்மாவுக்கோ விஷயம் தெரியும். ஆனால் பிள்ளையைச் சேர்க்க வேண்டிய அவசரத்தில் உள்ளபடி சொல்லும் விருப்பம் குறைவு. தலைமை ஆசிரியருக்குப் பொய் சொல்ல எந்த அவசியமும் இல்லை. ஆனால் அவருக்கு விஷயம் தெரியாது. இரண்டு தகுதிகளில் ஆளுக்கு ஒன்று குறைகிறது. இவர்கள் இருவரும் சேர்ந்து உருவாக்கிய தாளில் முத்திரை விழுந்ததும், அந்தக் குறை இரண்டும் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகின்றன. தாள் தானாக எதையும் பார்ப்பதில்லை. முன்பு யாரோ சொன்னதை அது உறைய வைக்கிறது.

நீதிமன்றங்கள் இதைக் கவனிக்காமல் இல்லை. 1988இல் ஒரு தேர்தல் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதையே சொன்னது: பள்ளிப் பதிவேட்டில் உள்ள பிறந்த தேதியை யார் சொல்லி எழுதினார்கள், எதை வைத்து எழுதினார்கள் என்பதற்குச் சாட்சியம் இல்லாவிட்டால் அந்தப் பதிவுக்குப் பெரிய மதிப்பு கிடையாது. ஏறத்தாழ வாத்ஸ்யாயனரின் கேள்வி!

2015ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய் அளவைகளுக்கு வரிசையே போட்டிருக்கிறது. அதன் 94ஆவது பிரிவின்படி முதலில் பள்ளி தரும் பிறந்த தேதிச் சான்று அல்லது தேர்வு வாரியத்தின் பத்தாம் வகுப்புச் சான்று. அது இல்லையென்றால் மாநகராட்சியோ நகராட்சியோ ஊராட்சியோ தரும் பிறப்புச் சான்று. இரண்டுமே இல்லாவிட்டால்தான் எலும்பு வளர்ச்சிச் சோதனை போன்ற மருத்துவச் சோதனை. அதாவது சொல்லுக்குத்தான் முதலிடம், அனுமானம் கடைசி. எலும்புச் சோதனையும் காது தொடும் சோதனைக்குப் படித்த அண்ணன் மாதிரிதான். அதிலும் இரண்டு பக்கமும் ஏறக்குறைய இரண்டு வருடம் தள்ளிப் பார்க்க வேண்டும் என்பது நீதிமன்ற வழக்கம்.

2023 ஜூலையில், தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு போக்சோ வழக்கில் இந்த வரிசையே முடிவைத் தீர்மானித்தது. பெண்ணின் வயதுக்கு ஆதாரமாக வைக்கப்பட்டது பள்ளி மாற்றுச் சான்றிதழ். அது 94ஆவது பிரிவு கேட்கும் ஆவணமே அல்ல என்றது உச்ச நீதிமன்றம். மருத்துவச் சோதனையோ 18க்கு மேல், 20க்குள் என்று காட்டியது. தண்டனை ரத்தானது. ஒருவர் சிறையில் இருப்பதா வெளியே வருவதா, ஒரு பெண் சட்டப்படி குழந்தையா இல்லையா என்பதெல்லாம் 'எப்படித் தெரியும்' என்ற கேள்விக்கு வரும் பதிலில் தொங்கிக்கொண்டிருக்கின்றன.

சட்டம் சில இடங்களில் உண்மையைத் தேடுவதே இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ராணுவத் தலைமைத் தளபதியாக இருந்த வி.கே. சிங்குக்கு ராணுவத்தின் ஒரு பிரிவில் 1950 என்றும் இன்னொரு பிரிவில் 1951 என்றும் பிறந்த ஆண்டு பதிவாகியிருந்தது. 2012இல் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அவர் உண்மையில் எப்போது பிறந்தார் என்பது எங்கள் முன் உள்ள கேள்வி அல்ல, பணிப் பதிவில் எந்தத் தேதி ஏற்கப்பட்டது என்பதுதான் கேள்வி என்று நீதிமன்றம் எடுத்துக்கொண்டது. நிர்வாகத்துக்கு அது போதும். 'பதிவில் இருக்கிறது' என்பதும் 'தெரியும்' என்பதும் வேறு வேறு.

பேய் இருக்கும் மரம்

மணிமேகலை பட்டியலில் ஆகமம் என்று ஒன்று உண்டு, ஐதிகம் என்று ஒன்றும் உண்டு. ஆகமம் நூலிலிருந்து வரும் சொல். ஐதிகத்துக்குக் காப்பியம் தரும் உதாரணம், இந்த மரத்தில் பேய் இருக்கிறது என்று உலகம் சொல்வதை நம்புவது. முதலில் யார் பார்த்தது? தெரியாது. எல்லாரும் சொல்கிறார்கள். இரண்டுமே அடுத்தவர் சொல்தான். ஆனால் ஒன்றில் பின்னோக்கிப் போனால் சொன்னவரைப் பிடிக்க வழி உண்டு. மற்றதில் போய்க்கொண்டே இருக்கலாம், ஆள் சிக்கமாட்டார். வாட்ஸப்பில் 'வந்தபடி பகிரப்பட்டது' என்று வருபவை பெரும்பாலும் இந்த மரத்துப் பேய்கள்தான்.

அதற்காக எந்தச் சொல்லையும் துருவிப் பார்க்காமல் ஏற்கக் கூடாது என்று ஆரம்பித்தால் பஸ் ஸ்டாண்டில் வழிகூடக் கேட்க முடியாது. டேவிட் ஹ்யூம் 1748இல், அனுபவத்தில் சாட்சிகள் எத்தனை தடவை சரியாக இருந்தார்கள் என்று பார்த்துத்தான் சொல்லை நம்புகிறோம் என்றார். 1764இல் தாமஸ் ரீட், குழந்தை முதலில் நம்பத்தான் செய்கிறது, சந்தேகம் பின்னால் கற்றுக்கொள்வது என்றார். சொல் என்பது ஒருவகை அனுமானமே என்ற பௌத்தருக்கும், தனி அளவை என்ற நியாயருக்கும் நடந்த வாதத்தோடு இதை ஒப்பிடலாம். நான் ரீட் பக்கமும் நியாயர் பக்கமும்தான். நம்பித் தொடங்குவதில் தப்பில்லை. ஆனால் சொன்னவருக்கு லாபம் இருக்கும்போதும், முடிவு இன்னொருவரின் வாழ்க்கையைத் தொடும்போதும், சொல் வந்த வழியே திரும்பி நடக்க வேண்டும்: முதலில் சொன்னது யார், அவருக்கு எப்படித் தெரியும், மாற்றிச் சொல்லக் காரணம் இருந்ததா?

மக்கள்தொகை ஆய்வாளர்கள் இதை எண்களிடமே கேட்கிறார்கள். கணக்கெடுப்பில் 23 முதல் 62 வரை வயது சொன்னவர்களில் 0, 5 என முடியும் வயதைச் சொன்னவர்கள் ஐந்தில் ஒரு பங்குதான் இருக்க வேண்டும். அதைவிடக் கூடுதலாக இருந்தால் வயது தெரிந்து சொல்லவில்லை, முழு எண்ணாக உருட்டிச் சொல்கிறார்கள் என்று பொருள். விப்பிள் குறியீடு என்று இதற்குப் பெயர். உருட்டல் இல்லையென்றால் 100. எல்லாருமே உருட்டினால் 500. தனி ஒருவரின் பொய்யை இது பிடிக்காது. சொல் வந்த பாதை பழுது என்பதைக் காட்டிவிடும்.

பாதையைச் செப்பனிடவும் முடியும். 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி பிறப்பை 21 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும்; மருத்துவமனைப் பிரசவம் என்றால் மருத்துவமனையே தெரிவிக்கும். அறிந்தவர், அறிந்த சூட்டோடு, மாற்றிச் சொல்லக் காரணம் எதுவும் முளைக்கும் முன்பே சொல்லிவிடுகிறார். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பிறப்புச் சான்றிதழே பிறந்த தேதிக்கான ஆவணம் என்று சட்டம் திருத்தப்பட்டதில் இந்த நியாயம் இருக்கிறது.

அதற்கு முன்னால் பிறந்த பாட்டிகள் என்ன செய்வார்கள்? முதியோர் ஓய்வூதியம் கேட்டுப் போகும் ஒருவரிடம் வயதுக்கு என்ன ஆதாரம் என்கிறார்கள். "தனுஷ்கோடி புயல் அடிச்ச மார்கழியில பொறந்தேன்னு எங்கம்மா சொல்லும்" என்கிறார். சிரிப்பதற்கு இதில் ஒன்றுமில்லை. புயல் அடித்தது 1964 டிசம்பர் 22, 23 இரவில். அது ஊரறிந்த தேதி. சொன்னவர் பெற்றவர், மாற்றிச் சொல்ல அவருக்கு அன்று எந்தக் காரணமும் இல்லை. வயது தெரியாதவர்களிடம் கணக்கெடுப்பவர்களும் இப்படித்தான் ஊர் நிகழ்ச்சிகளின் பட்டியலை வைத்துக்கொண்டு வயதைப் பிடிக்கிறார்கள். அவர் கையில் இருக்கும் அடையாள அட்டையில் அச்சாகியிருக்கும் தேதி யாரோ குத்துமதிப்பாகப் போட்டதாக இருக்கலாம். இரண்டில் எது அறிவுக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று கேட்டால், நான் புயலைத்தான் சொல்வேன்.