காட்சிச் சோப்பு: கண்ணுக்கு அழகு, தோலுக்கு எப்படி?

சோப்பை வெட்டினால் ஒவ்வொரு துண்டிலும் ஒரே காட்சி: அடியில் நீலக் கடல், அதன் மேல் பச்சை மலை, மலைக்கு மேல் வெண்ணிலவு. வண்ணங்களை அடுக்கடுக்காக ஊற்றி இத்தகைய காட்சிச் சோப்புகளை வீட்டிலேயே செய்வது இன்று பலருக்கும் விருப்பமான கைவேலையாக உள்ளது. நீண்ட நாள் சிகிச்சையில் இருப்போரும், அவர்களை உடனிருந்து கவனிப்போரும் இதில் ஈடுபடுவதை நாங்கள் காண்கிறோம். மனத்துக்கு ஆறுதல் தரும் பணி என்பதில் ஐயமில்லை. எனினும் எங்கள் தோல் மருத்துவப் பிரிவில் இரண்டு கேள்விகள் அடிக்கடி எழுகின்றன: இதைச் செய்யலாமா? செய்ததைப் பயன்படுத்தலாமா? இவ்விரண்டிற்கும் விடை வேறு வேறு.

சோப்பு எவ்வாறு உருவாகிறது?

எண்ணெய் அல்லது கொழுப்புடன் சோடியம் ஹைட்ராக்சைடு, அதாவது காஸ்டிக் சோடா, வினைபுரியும்போது சோப்பும் கிளிசரினும் உண்டாகின்றன. காஸ்டிக் சோடா இன்றிக் கட்டிச் சோப்பு இல்லை. 'இரசாயனம் இல்லாத சோப்பு' என்ற விளம்பரம் ஆகவே பொருளற்றது. அளவு சரியாக இருந்தால், வினை முடிந்த சோப்பில் தனித்த காஸ்டிக் சோடா எஞ்சியிராது. அளவு பிழைத்தால் எஞ்சிவிடும். அது தோலை அரிக்கும்.

வீட்டில் சோப்பு செய்ய இரண்டு வழிகள் உள்ளன. எண்ணெயையும் காஸ்டிக் சோடாக் கரைசலையும் நேரடியாகக் கலந்து, நான்கு முதல் ஆறு வாரங்கள் உலர வைப்பது முதல் வழி. ஆலையில் ஏற்கெனவே சோப்பாக மாற்றப்பட்ட கிளிசரின் சோப்புக் கட்டியை வாங்கி, உருக்கி, வண்ணமிட்டு ஊற்றுவது இரண்டாவது வழி. நோயாளி உள்ள இல்லத்திற்கும் குழந்தைகள் உள்ள இல்லத்திற்கும் இரண்டாவது வழியையே நாங்கள் பரிந்துரைக்கிறோம். அதில் காஸ்டிக் சோடாவை வீட்டிற்குள் கொண்டுவரத் தேவையில்லை.

காட்சியை அமைக்கும் முறை

அரைக் கிலோ சோப்புக் கட்டி ஒரு சிறிய நீள அச்சுக்குப் போதுமானது. அதனைச் சிறு துண்டுகளாக வெட்டி, கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் மற்றொரு பாத்திரம் வைத்து உருக்க வேண்டும், கொதிக்க விடலாகாது.

முதலில் கடலுக்கான நீல அடுக்கை ஊற்றுங்கள். மேற்பரப்பில் ஆடை படிந்து, விரலால் மெல்லத் தொட்டால் உடையாத நிலை வந்ததும், அதன் மேல் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை இலேசாகத் தெளித்து அடுத்த அடுக்கை ஊற்றலாம். அடுக்குகள் ஒட்டுவதற்கு இத்தெளிப்பே உதவுகிறது. ஆல்கஹால் எளிதில் தீப்பற்றும். அடுப்பை அணைத்த பின்னரே, அதிலிருந்து விலகி நின்று தெளிக்க வேண்டும். ஊற்றும் கலவை ஏறக்குறைய 50 டிகிரி செல்சியஸில் இருப்பது நன்று. மிகச் சூடாக இருந்தால் கீழடுக்கு உருகிக் கலங்கும். மிக ஆறியிருந்தால் வெட்டும்போது அடுக்குகள் பிரிந்துவிடும்.

மலைச்சரிவுக்கு, அச்சின் நீளப் பக்கம் ஒன்றை ஒரு பென்சில் கொண்டு உயர்த்திச் சாய்த்த நிலையில் பச்சை அடுக்கை ஊற்றி இறுக விடுங்கள். நிலவுக்கு, முன்பே உருளையாக வார்த்துக் குளிரவைத்த வெண்சோப்புத் தண்டு ஒன்று தேவை. வானத்துக்குரிய வெளிர்நீலக் கலவையில் பாதியை ஊற்றி, ஆடை படிந்ததும் தண்டை நீளவாக்கில் கிடத்தி, மீதியை ஊற்ற வேண்டும். ஒரு நாள் கழித்து வெட்டினால் ஒவ்வொரு துண்டிலும் முழுநிலவு தோன்றும். வெட்டிய துண்டுகளை உடனே மெல்லிய தாளில் காற்றுப் புகாமல் சுற்றுங்கள். கிளிசரின் காற்றின் ஈரத்தை ஈர்ப்பதால், திறந்து வைத்த சோப்பு வியர்த்ததுபோல் நீர்த்துளி கோக்கும்.

வண்ணத்திற்கு அழகுசாதனப் பொருள்களுக்கென விற்கப்படும் நிறமிகளையே பயன்படுத்துங்கள். கோலப்பொடி, துணிச்சாயம், குங்குமம் ஆகியவை வேண்டா. நீரிழிவாலோ, சில புற்றுநோய் மருந்துகளாலோ விரல்களில் உணர்ச்சி குறைந்தவர்கள் உருக்கும் பணியைப் பிறரிடம் விட்டு, வண்ணத் தேர்விலும் வெட்டுவதிலும் ஈடுபடலாம். சூடு உறைக்காத கையில் கொப்புளம் எழுந்த பின்னரே காயம் தெரியவரும்.

யாருக்கு ஏற்றதன்று?

நலமான தோலின் மேற்பரப்பு சற்று அமிலத்தன்மை உடையது, அதன் பி.எச். அளவு 5-ஐ ஒட்டியிருக்கும். சோப்போ 9 முதல் 10 வரை உள்ள காரப்பொருள். எத்தனை வாரம் உலர்த்தினாலும் இவ்வியல்பு மாறாது. நலமான தோல் குளித்த சில மணி நேரத்தில் தன் நிலைக்கு மீளும். கரப்பான் நோய் உள்ள தோலும் முதியோரின் வறண்ட தோலும் அவ்வாறு எளிதில் மீள்வதில்லை. கதிர்வீச்சுச் சிகிச்சை பெறும் பகுதியிலும், ஆறாத புண்ணிலும், பச்சிளங்குழந்தையின் உடலிலும் இச்சோப்பு கூடாது. நறுமண எண்ணெய்கள் ஒவ்வாமைக்கு நன்கறிந்த காரணம். இலவங்கப்பட்டை எண்ணெயும் கிராம்பு எண்ணெயும் குறிப்பாக உறுத்துபவை. ஆஸ்துமா உள்ளவர் இருக்கும் அறையில் மணப்பொருள் கலப்பதையே தவிர்க்க வேண்டும்.

கைக்கரப்பானுக்குச் சிகிச்சை பெற்ற அம்மையார் ஒருவர் நினைவுக்கு வருகிறார். மருந்து தந்தும் வெடிப்புகள் ஆறவில்லை. மூன்றாம் முறை வந்தபோதுதான், மகள் தம் கையால் செய்து தந்த சோப்பைப் பயன்படுத்துவதாகத் தயங்கித் தயங்கிக் கூறினார். "ஆசையாச் செஞ்சு கொடுத்தா டாக்டர், வேணாம்னு எப்படிச் சொல்றது?" என்றார். மகளையும் அழைத்துப் பேசினோம். அம்மா கைகழுவ மணமற்ற மென்மையான கழுவுநீர்மம், மகளின் சோப்பு விருந்தினருக்கு என முடிவாயிற்று. நாங்கள் வேண்டுவது இதுவே: கொடுப்பவர் முதலில் கேளுங்கள், பெறுபவர் அரிப்பை மறைக்காதீர்கள்.

காஸ்டிக் சோடா பட்டால்

முதல் வழியில் சோப்பு செய்வோருக்கு இப்பகுதி இன்றியமையாதது. எண்ணெயைச் சோப்பாக்கும் அதே வினை நம் தோலிலுள்ள கொழுப்பிலும் நிகழும். அதனால் காரம் ஆழமாக ஊடுருவும். தொடக்கத்தில் வலி தெரியாமல் வழுவழுப்பு மட்டுமே தெரியலாம்.

• கண்ணாடிக் கவசம், கையுறை, முழுக்கைச் சட்டை இன்றித் தொடாதீர்கள்.
• காஸ்டிக் சோடாவைத்தான் தண்ணீரில் சிறிது சிறிதாக இட வேண்டும். அதன் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும்.
• அலுமினியப் பாத்திரம் கூடாது. அது அரிக்கப்பட்டு, தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயு வெளிவரும்.
• கரைசலைக் குடிநீர்ப் புட்டியில் ஒருபோதும் ஊற்றி வைக்காதீர்கள்.
• தோலில் பட்டால் நனைந்த உடையை அகற்றி, ஓடும் நீரில் அரைமணி நேரம் கழுவுங்கள். எலுமிச்சைச் சாறு, வினிகர், மஞ்சள், பற்பசை எதையும் தடவாதீர்கள்.
• கண்ணில் பட்டால் இமையைத் திறந்து பிடித்து உடனே கழுவத் தொடங்குங்கள். குறைந்தது அரைமணி நேரம் கழுவிய பின் தாமதமின்றி மருத்துவமனைக்கு வாருங்கள்.
• விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாயைக் கொப்பளிக்கச் செய்து, 108-ஐ அழையுங்கள்.

முடிந்த சோப்பிலும் ஒரு கவனம் தேவை. வண்ண அடுக்குகள் கொண்ட துண்டு, குழந்தையின் கண்ணுக்கும் பார்வை மங்கிய முதியவரின் கண்ணுக்கும் பர்பியாகவே தோன்றும். இனிப்பு டப்பாவில் வைக்காமல், 'சோப்பு' எனப் பெரிய எழுத்தில் ஒட்டி, எட்டாத இடத்தில் வையுங்கள். புதிய சோப்பைப் பயன்படுத்தியபின் சிவப்பு, அரிப்பு, எரிச்சல் தோன்றினால் நிறுத்திவிட்டு, அந்தச் சோப்பையும் சேர்த்த பொருள்களின் பட்டியலையும் எடுத்துக்கொண்டு எங்கள் பிரிவுக்கு வாருங்கள். காரணத்தைக் கண்டறிய அவையே எங்களுக்குப் பெரிதும் உதவும்.