வடக்கே ஒரு பாதை – 17: பஸ்ஸுக்கு லேன் எங்கே?

வடசென்னைப் போக்குவரத்துக் கதையைப் போன வாரம் ராயபுரம் ஸ்டேஷனில் விட்டிருந்தேன்: 1856-ல், கவர்னர் ஹாரிஸ் பிரபு காலத்தில், வாலாஜா ரோட்டுக்கு முதல் ரயில் அங்கிருந்துதான் கிளம்பியது. இந்த வாரம் விம்கோ நகர் மெட்ரோவையும் எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் பஸ்ஸுக்கான தனி லேனையும் ஒன்றாக முடித்துவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். ஆசிரியர் குழுவிலிருந்து அதை ஞாபகப்படுத்தி போனும் வந்துவிட்டது. ஆனால் நடுவில் டிராம் வந்து மறித்துக்கொண்டது. அதைச் சொல்லிவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

1895 மே 7-ம் தேதி மதராஸில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. இந்தியாவிலேயே முதல். கல்கத்தா தன் குதிரை டிராமை மின்சாரத்துக்கு மாற்றியது 1902-ல். பம்பாய் இன்னும் தாமதம், 1907. அதுவும் அதே மே 7-ம் தேதி! லண்டன் தெருக்களிலேயே மின்சார டிராம் முறையாக ஓடியது 1901-ல்தான். துறைமுகத்தையும் ஊரின் உட்பகுதியையும் இணைத்து, ஆளையும் சரக்கையும் ஏற்றிக்கொண்டு ஓடிய வண்டி இது.

இதுவரை பலருக்கும் தெரிந்ததுதான். என்னை இந்த வாரம் முழுக்கப் பிடித்து வைத்திருந்தது வேறு: அந்த டிராமுக்கு ஆரம்பத்தில் தலைக்கு மேல் கம்பியே கிடையாது. மின்சாரம் தரைக்குள் ஓடியது. இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே சாலையில் ஒரு நீளமான இடுக்கு. இடுக்குக்குக் கீழே கால்வாய் மாதிரி ஒரு பள்ளம், அதற்குள் மின்கம்பி. வண்டியின் அடிவயிற்றிலிருந்து ஒரு பட்டை இந்த இடுக்கு வழியாக இறங்கி, கம்பியை உரசிக்கொண்டே போகும். தெருவில் கம்பத்தைக் காண முடியாது, தொங்கும் ஒயரும் இல்லை. புடாபெஸ்ட் பெருமைப்பட்டுக்கொண்ட தொழில்நுட்பம் இது.

புடாபெஸ்டில் வடகிழக்குப் பருவமழை கிடையாது. இங்கே ஐப்பசியில் வானம் திறந்துகொண்டால் என்ன ஆகும் என்று மதராஸில் டிராம் போட்ட இன்ஜினீயர்களுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. மின்கம்பி இருந்த பள்ளத்துக்குள் மழைத்தண்ணீர் இறங்கியது. சில மழைக்காலங்கள் பட்ட பிறகு, எல்லா ஊரையும் போல மேலே கம்பி கட்டிக்கொண்டார்கள். 1921-ல் 24 கிலோமீட்டர் பாதையில் 97 வண்டிகள். கம்பெனி நொடித்து, 1953 ஏப்ரல் 12-ம் தேதி டிராம் நின்றது.

இப்போது தண்டையார்பேட்டை சுரங்க மெட்ரோ ஸ்டேஷனுக்குப் போய்ப் பாருங்கள். வாசலில் முதலில் நாலைந்து படி ஏற வேண்டும், பிறகுதான் இறங்க வேண்டும். தெருத் தண்ணீர் உள்ளே வராமலிருக்கத்தான் அந்த ஏற்றம். உள்ளே ரயிலுக்கு மின்சாரம் 25,000 வோல்ட், கூரையை ஒட்டிய கம்பியிலிருந்து வருகிறது. 1895-ல் வண்டி தெருவில், மின்சாரம் பூமிக்குள். இன்று வண்டி பூமிக்குள் போய்விட்டது, மின்சாரம் அதன் தலைக்கு மேல் ஏறிவிட்டது. மழையிடம் பாடம் கேட்டுக்கொண்டு கட்டியிருக்கிறார்கள்.

சரி, மெட்ரோ. முதல் திட்டப்படி சென்னை மெட்ரோவின் நீலத் தடம் வண்ணாரப்பேட்டையோடு நின்றுவிட்டது. அதற்கு வடக்கே திருவொற்றியூர், எண்ணூர் என்று ஊர்கள் இருப்பது வரைபடம் போட்டவர்களுக்குத் தெரியாமலா இருக்கும்? வடக்கிலிருந்து கேட்டுக் கேட்டு, 2016-ல் அடிக்கல் நாட்டி, 2021 பிப்ரவரி 14-ம் தேதி விம்கோ நகர் வரை ஒன்பது கிலோமீட்டர் திறந்தார்கள். செலவு 3,770 கோடி ரூபாய். தேரடியும் விம்கோ நகர் டிப்போவும் 2022 மார்ச்சில் சேர்ந்தன. தியாகராயா கல்லூரி, தண்டையார்பேட்டை வரை சுரங்கம், பிறகு மேலே வந்து டி.எச். ரோட்டின் (திருவொற்றியூர் ஹை ரோடு) மேல் தூண்களில் பயணம். வண்ணாரப்பேட்டைப் பக்கம் தெரு குறுகல், கட்டடங்கள் நெருக்கம், அங்கே தூண் நிறுத்த இடமில்லை. அகலம் கிடைத்த இடத்தில் மேலே ஏறிவிட்டார்கள், சுரங்கத்தை விட மேம்பாலப் பாதைக்குச் செலவு வெகு குறைவு என்பதால். விம்கோ நகரில் டிப்போவும் தூண்கள் மேல்தான், ரயில்கள் ஆகாயத்தில் தூங்குகின்றன. (விம்கோ என்பது தீப்பெட்டிக் கம்பெனி. வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி, ஸ்வீடன்காரர்களுடையது. தீப்பெட்டி போய்விட்டது, ஸ்டேஷன் பலகையில் பெயர் இருக்கிறது.)

மெட்ரோ நல்ல விஷயம், சந்தேகமில்லை. ஆனால் அது தெற்கு வடக்காக ஒரு கோடு. வடசென்னைக்காரர் வாழ்க்கை பாதி கிழக்கு மேற்காக ஓடுகிறது: காசிமேட்டிலிருந்து வண்ணாரப்பேட்டைக்கு மீன் கூடை, எர்ணாவூரிலிருந்து மணலி கம்பெனிகளுக்கு ஷிப்ட். எண்ணூரும் கத்திவாக்கமும் விம்கோ நகர் தாண்டி இருக்கின்றன, மெட்ரோ அங்கே போகவில்லை. இரண்டாம் கட்ட மெட்ரோவோ மாதவரத்திலிருந்து மூலக்கடை, பெரம்பூர் வழியாக நழுவிவிடுகிறது. கும்மிடிப்பூண்டி மின்சார ரயில் உண்டு, ஆனால் அது சரக்கு ரயில்களோடு பங்குபோட்டு ஓடும் தடம். அவசரம் என்றால் நம்ப முடியாது.

இன்னொன்று, இதைத்தான் திட்ட அறிக்கைகள் மெல்ல முழுங்கிவிடுகின்றன. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. மெட்ரோவில் குறைந்தபட்சம் பத்து ரூபாய். தினமும் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துவிட்டுத் திரும்புகிற அம்மாவுக்கு எது வேண்டும் என்று கேட்கவே வேண்டாம். 28 எழும்பூருக்கும், 1 திருவான்மியூருக்கும், 101 பூந்தமல்லிக்கும் திருவொற்றியூரிலிருந்து கிளம்புகின்றன. கூட்டம் அங்கேதான் நிற்கிறது, பஸ்ஸுக்காக. அந்த பஸ்ஸுக்கு வழி ஒதுக்க யாருக்கும் தோன்றவில்லை.

இந்த இடத்தில் லேலண்டைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1948-ல் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கி, 1955-ல் அசோக் லேலண்டாகி, எண்ணூரிலேயே லாரிக்கும் பஸ்ஸுக்கும் சேசிஸ் கட்டிய தொழிற்சாலை அது. 1967-ல் டைட்டன் டபுள் டெக்கரும் அவர்கள் கொண்டுவந்ததுதான். 2025 ஜூன் 30-ம் தேதி வியாசர்பாடி டிப்போவிலிருந்து கிளம்பிய 120 மின்சார பஸ்களும் அந்தக் குழுமத்தின் வண்டிகளே. பஸ் பிறந்த ஊரில் பஸ்ஸுக்குத் தனி லேன் ஒரு கிலோமீட்டர்கூடக் கிடையாது.

லேன் இல்லாமலில்லை. எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் ஒரு லேன் பல வருடங்களாக ஒதுக்கப்பட்டுத்தான் இருக்கிறது, கன்டெய்னர் லாரிக்கு. அதை ஒதுக்கியது எந்த உத்தரவும் அல்ல, லாரிகளின் வரிசைதான். நாட்டின் முதல் தனிக் கன்டெய்னர் டெர்மினல் 1983-ல் சென்னைத் துறைமுகத்தில் வந்தது. அதன் வாசல் ஜீரோ கேட். அங்கே சோதனை தாமதமானால் வால் காசிமேடு, திருவொற்றியூர் தாண்டி வடக்கே கிலோமீட்டர் கணக்கில் நீளும். டிரெய்லருக்கு அடியில் அச்சுகளுக்கு நடுவே கயிற்றுத் தூளி கட்டி டிரைவர் தூங்குகிறார். பக்கத்தில் பம்ப் ஸ்டவ்வில் சோறு பொங்குகிறது. வரிசை நகர்ந்தால் கிளீனர் தட்டி எழுப்புவார். அவரைக் குற்றம் சொல்லி என்ன பயன்? அவருக்குக் கூலி ட்ரிப் கணக்கில்தான், வரிசையில் கழியும் இரவுக்கு யார் காசு கொடுப்பார்கள்?

இந்தச் சாலையை அகலப்படுத்தத்தான் எண்ணூர் – மணலி சாலை மேம்பாட்டுத் திட்டம் வந்தது. சுமார் 30 கிலோமீட்டர், 600 கோடி. 1990-களின் இறுதியில் பேச்சு தொடங்கி, முடிய ஒன்றரைப் பத்தாண்டுக்கு மேல் ஆனது. கடற்கரைக் குப்பத்துக் குடும்பங்கள் பல இடம்பெயர்ந்தன. அகலம் கிடைத்தது, கிடைத்த அகலத்தில் லாரிகள் இரண்டு வரிசையாக நின்றன.

டோல்கேட்டில் ஒரு கண்டக்டரிடம் தனி லேன் பற்றிக் கேட்டேன். "இன்னாத்துக்கு சார் லேனு? முன்னாடி நிக்குற வண்டி நவுந்தா போதும். லேன் போட்டீங்கன்னா அதுலயும் அவன்தான் நிப்பான்." நிபுணர் குழு இதை எழுத நாற்பது பக்கம் எடுத்துக்கொள்ளும்.

டெல்லியில் அம்பேத்கர் நகர் – மூல்சந்த் இடையே 5.8 கிலோமீட்டர் பஸ் பாதை 2008-ல் போட்டு, கார்க்காரர்கள் கத்தியதில் 2016-ல் பெயர்த்தார்கள். அகமதாபாத்தில் 2009-ல் நடுச்சாலையில் வேலி போட்டுக் கட்டியது இன்றும் ஓடுகிறது. பெங்களூரில் 2019-ல் அவுட்டர் ரிங் ரோட்டில் ஓரமாக லேன் ஒதுக்கினார்கள், மெட்ரோ வேலை வந்ததும் அது சிதைந்தது. டி.எச். ரோட்டில் மெட்ரோ தூண்கள் நடுவில் முன்பே வந்துவிட்டதால் அகமதாபாத் மாதிரி இங்கே நடக்காது. மிஞ்சியிருப்பது எக்ஸ்பிரஸ் சாலை. அங்கே என் தீர்ப்பு இதுதான்: வரிசையைச் சாலையிலிருந்து துறைமுக மதிலுக்குள் கொண்டுபோகும் வரை எந்தப் பெயிண்ட் கோடும் பஸ்ஸைக் காப்பாற்றாது. லாரிக்கு நேரம் ஒதுக்கி, உள்ளே நிறுத்த இடம் கொடுத்து, பிறகு காலை மாலை நாலு மணி நேரமாவது ஓர லேனைப் பஸ்ஸுக்குக் கொடுங்கள். ஒன்றை விட்டு ஒன்றைச் செய்தால் வீண்.

மதுரவாயல் – துறைமுகம் பறக்கும் சாலை வந்தால் இதெல்லாம் தானாகத் தீரும் என்று சொல்கிறவர்கள் உண்டு. 2009-ல் அடிக்கல், 2012-ல் தடை, 2022-ல் ஈரடுக்காக மறுபடி அடிக்கல். தடையால் கூவத்தில் பாதியில் நின்ற அதன் தூண்களின் கதை அடுத்த வாரம். கூடவே கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டும். அதற்குள் வடசென்னை வாசகர்கள் ஒரு உதவி செய்ய வேண்டும்: உங்கள் பஸ் எந்த ஸ்டாப்பில், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் லாரிக்குப் பின்னால் நிற்கிறது என்று ஒரு கார்டில் எழுதிப் போடுங்கள். தடம் எண்ணையும் சேர்த்து எழுதுங்கள்.