டிசிபிஎஸ் ஏகார்

டிசிபிஎஸ் ஏகார் என்பது மீன், இறால், சிப்பி போன்ற உணவுகளிலும் நீரிலும் உள்ள விப்ரியோ பாக்டீரியாக்களைப் பிரித்தெடுக்க உதவும் தேர்வு வளர்ப்பு ஊடகம் ஆகும். தயோசல்பேட்டு, சிட்ரேட்டு, பித்த உப்பு, சுக்ரோசு ஆகியவற்றின் ஆங்கில முதலெழுத்துகளே இதன் பெயர். 1963-இல் ஜப்பானில் உருவாக்கப்பட்டது.

உணவு மாதிரியில் பலவகை நுண்ணுயிரிகளுக்கிடையே நோய்க்கிருமிகள் மிகச் சிலவே இருக்கக்கூடும். எனவே மாதிரியைக் காரத்தன்மையுள்ள பெப்டோன் நீரில் 6 முதல் 8 மணி நேரம் வைத்துக் கிருமிகளைப் பெருக்கிய பின்னரே இவ்வூடகத்தின் மேல் தடவுவர். பித்த உப்புகளும் 8.6 என்ற கார அமிலச் சுட்டெண்ணும் பிற பாக்டீரியாக்களை ஒடுக்குகின்றன. விப்ரியோக்களுக்கோ காரச் சூழல் உகந்தது. மறுநாள், சுக்ரோசை நொதிக்கச் செய்து அமிலம் உண்டாக்கும் காலரா கிருமி மஞ்சள் நிறக் காலனிகளாகவும், அவ்வாறு நொதிக்கச் செய்யாத விப்ரியோ பாராஹீமோலிட்டிக்கசு பச்சை நிறத்திலும் தென்படும். (இவ்வூடகத்தைக் கொதிக்க வைத்தால் போதும், ஆட்டோகிளேவில் வைக்கக் கூடாது.)

மஞ்சள் நிறம் ஐயத்தை எழுப்புமே தவிர முடிவைத் தராது. கடலுணவில் இயல்பாகவே காணப்படும் விப்ரியோ ஆல்ஜினோலிட்டிக்கசும் மஞ்சளாகவே வளரும். ஆகவே உயிர்வேதியியல் சோதனைகளும் எதிர்ச்சீரச் சோதனையும் தேவைப்படுகின்றன. 1992-இல் சென்னையில் காலரா நோயாளிகளிடம் கண்டறியப்பட்ட ஒரு கிருமி இவ்வூடகத்தில் வழக்கமான காலரா கிருமியைப் போலவே வளரும். ஆனால் ஓ1 எதிர்ச்சீரத்துடன் திரளாது. பின்னர் ஓ139 எனப் பெயரிடப்பட்ட அப்புதிய வகை, சில மாதங்களில் கல்கத்தாவுக்கும் வங்காளதேசத்துக்கும் பரவியது.