17 நாள் தாமதம்

சென்னைச் சிறுவன் குகேஷ் 2019 ஜனவரி 15 அன்று செஸ் கிராண்ட்மாஸ்டர் ஆனபோது வயது 12 ஆண்டு, 7 மாதம், 17 நாள். மிக இளைய கிராண்ட்மாஸ்டர் என்று செர்ஜி கர்யாகின் 2002-இல் படைத்த உலக சாதனையோ சரியாக 12 ஆண்டு, 7 மாதம். 17 நாளில் சாதனை நழுவியது என்றுதான் அன்று பேச்சு. அதற்கு முன்பு பிரக்ஞானந்தாவுக்கும் இதே கதை. சாதனையை முறியடிக்க 2018 மார்ச்சுக்குள் பட்டம் வந்துவிடுமா என்று ஊரே எண்ணிக்கொண்டிருந்தது, வந்தது ஜூனில். பன்னிரண்டு வயதுப் பிள்ளை பட்டம் வாங்கிய நாளிலேயே அதற்குத் 'தாமதம்' என்று பெயர் வைப்பது அநியாயம்.

திருச்சி பாலக்கரையில் பள்ளி விட்டதும் பிள்ளையை ஸ்கூட்டரில் ஏற்றி செஸ் வகுப்புக்குக் கொண்டுபோகும் அம்மாவின் காதிலும் இந்த எண்கள்தான் விழுகின்றன. எட்டு வயதாகியும் ரேட்டிங் வரவில்லையே என்ற கவலை அங்கிருந்துதான் முளைக்கிறது.

'பிறவி மேதை' என்று எழுதுகிறோமே, ஆய்வுகள் காட்டுவது வேறு. 1973-இல் சேஸ், சைமன் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள், ஆட்டத்தின் நடுவில் இருக்கும் பலகையை ஐந்து விநாடி மட்டும் காட்டிவிட்டு, காய்களை நினைவிலிருந்து அடுக்கச் சொன்னார்கள். தேர்ந்த ஆட்டக்காரர் பெரும்பாலானவற்றைச் சரியாக வைத்தார். புதியவர் நான்கைந்தோடு நின்றார். காய்களை இஷ்டத்துக்குக் கலைத்துவைத்துக் காட்டியபோதோ இருவருக்கும் ஏறத்தாழ ஒரே நிலைதான். மந்திர ஞாபகசக்தி எதுவுமில்லை. ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் மனத்தில் படிந்த அமைப்புகள்தான் அங்கே வேலை செய்கின்றன. 2007-இல் பிரிட்டனில் 57 இளம் ஆட்டக்காரர்களிடம் நடந்த ஆய்விலும், ஆட்டத்திறனை அதிகம் தீர்மானித்தது பயிற்சியே.

மேதைப் பட்டம் செய்யும் கெடுதல் இன்னொன்று. 1998-இல் முல்லர், டுவெக் நடத்திய சோதனைகளில், 'நீ புத்திசாலி' என்று புகழப்பட்ட பிள்ளைகள் ஒரு தோல்விக்குப் பின் முயற்சியைக் குறைத்தார்கள். உழைப்புக்காகப் புகழப்பட்டவர்கள் தளரவில்லை. புத்திசாலி என்று பெயர் வாங்கியவர்களுக்கோ தோற்றால் பட்டமே போய்விடும் என்ற பயம். அடுத்தடுத்த நகர்வுகளைக் கணக்கிட மனத்தில் இருக்கும் இடமே கொஞ்சம்; அதையும் பயம் பிடித்துக்கொண்டால் கண்ணெதிரே நிற்கும் குதிரை தெரியாது.

குகேஷின் தந்தை காது மூக்கு தொண்டை மருத்துவர். மகனோடு போட்டிகளுக்குப் போவதற்காகத் தொழிலை நிறுத்தினார். அந்தத் தியாகத்தை நாம் போற்றுகிறோம். அது பிள்ளையின் தோளிலும் ஏறும் என்பதை எழுதுவதில்லை. குகேஷ் பின்னாளில், 2011-இல் உலகக் கோப்பை வென்ற இந்தியக் கிரிக்கெட் அணியோடு இருந்த பாடி அப்டனை மனப் பயிற்சிக்கு நாடினார். உலக சாம்பியன் போட்டியில் அவருக்கு எதிரில் அமர்ந்த டிங் லிரனும், 2023-இல் உலகப் பட்டம் வென்ற பிறகு மன அழுத்தத்தில் துவண்டதை வெளிப்படையாகச் சொன்னவர்.

2024 ஏப்ரலில், உலக சாம்பியனோடு மோதுபவரைத் தேர்ந்தெடுக்கும் டொரன்டோ கேண்டிடேட்ஸ் போட்டியின் ஏழாம் சுற்றில், நேர நெருக்கடியில் அலிரேசா பிரூஜாவிடம் குகேஷ் தோற்றார். மறுநாள் ஓய்வு. இந்தப் போட்டி தன்னுடையது என்ற நம்பிக்கை அந்தத் தோல்விக்குப் பிறகுதான் பிறந்தது என்று அவரே சொன்னார். டிசம்பரில் சிங்கப்பூரில் 18 வயதில் உலக சாம்பியன் ஆனாரே, அங்கும் முதல் ஆட்டத்தில் வெள்ளைக் காய்களோடு ஆடியே தோற்றார். மூன்றாம் ஆட்டத்தை வென்று கணக்கைச் சமன் செய்தார்.