பாட்டியின் நாய் தெரபி நாயாக முடியுமா? விலங்குத் துணைச் சிகிச்சையை நடத்துபவர்கள் என்னதான் செய்கிறார்கள்?

கேமரன் மலையில், ரிங்லெட் தாண்டி உள்ளே போகும் தோட்டப் பாதை ஒன்றில் எங்கள் பாட்டி இருக்கிறார், சித்தி குடும்பத்தோடு. நாற்பது வருடம் கொழுந்து பறித்த கை. போன வருடம் பக்கவாதம் வந்ததில் அந்த வலது கைதான் பலவீனமானது. மருத்துவமனையில் சொல்லிக்கொடுத்த கைப்பயிற்சியை அவர் செய்வதே இல்லை. "இதெல்லாம் புள்ளைங்க விளையாட்டு" என்று பந்தைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டார்.

ஆனால் தினமும் காலையில் வாசற்படியில் உட்கார்ந்து, மணி என்கிற தோட்டத்து நாய்க்கு ரொட்டி பிய்த்துப் போடுகிறார். அதே வலது கையால்.

"அக்கா, இதைத்தானே அனிமல் தெரபின்னு சொல்றாங்க? மணிய எங்கயாவது பதிஞ்சு, மத்த தாத்தா பாட்டிகிட்டயும் கூட்டிட்டுப் போக முடியுமா?" என்று சித்தி மகள் வாட்ஸ்அப்பில் கேட்டாள்.

நல்ல கேள்வி. பதில் பாதி ஆமாம், பாதி இல்லை. உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பாட்டியோ ஒரு மணியோ இருக்கலாம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

கொஞ்சுவது வேறு, சிகிச்சை வேறு

மூன்று விஷயங்களை நாம் அடிக்கடி ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம்.

முதலாவது, உதவி நாய். பார்வையற்றவருக்கு வழி காட்டும் நாய் இந்த வகை. அது ஒரே ஒருவருக்காகப் பழக்கப்பட்டது, அவரோடேயே வாழும். 2014இல் ஸ்டீவன்ஸ் சான் என்பவர் லாஷான் என்ற வழிகாட்டி நாயோடு கோலாலம்பூரில் வெளியே வந்தபோது, பேரங்காடிகளில் உள்ளே விட மறுத்தது செய்தியானது நினைவிருக்கலாம்.

இரண்டாவது, நலம் விசாரிக்கும் வருகை. முதியோர் இல்லத்துக்கோ பள்ளிக்கோ ஒருவர் தன் நாயை அழைத்துப்போவார். எல்லோரும் தடவிக்கொடுப்பார்கள், சிரிப்பார்கள், படம் எடுப்பார்கள். மகிழ்ச்சியான விஷயம்தான், ஆனால் அதற்குப் பெயர் சிகிச்சை இல்லை.

மூன்றாவதுதான் விலங்குத் துணைச் சிகிச்சை. இதில் நோயாளிக்கு ஒரு இலக்கு இருக்க வேண்டும். 'வலது கையைத் தோள் உயரம் வரை தூக்க வேண்டும்' என்பது மாதிரி. அந்த இலக்கை வைப்பவர் பிசியோதெரபிஸ்டோ மனநல நிபுணரோ பேச்சுப் பயிற்சியாளரோ, அதாவது தகுதியுள்ள ஒருவர். ஒவ்வொரு முறையும் என்ன நடந்தது என்று எழுதி வைப்பார்கள். நாய் அங்கே மருத்துவர் இல்லை. பந்துக்குப் பதிலாக வந்திருக்கும் ஒரு காரணம், அவ்வளவுதான். பாட்டி பந்துக்காகத் தூக்காத கையை மணிக்காகத் தூக்குகிறார், பாருங்கள்.

யார் ஆரம்பித்தது?

நியூயார்க்கில் போரிஸ் லெவின்சன் என்ற குழந்தை உளவியலாளர் இருந்தார். யாரோடும் ஒட்டாத ஒரு சிறுவனை, குறித்த நேரத்துக்கு முன்பே அம்மா கூட்டி வந்துவிட்டார். அன்றைக்குப் பார்த்து லெவின்சனின் நாய் ஜிங்கிள்ஸ் அறையிலேயே படுத்திருந்தது. அது ஓடிப்போய் பையனை நக்க, அவன் பயப்படாமல் அதை அணைத்துக்கொண்டான். அதன்பிறகு சில சந்திப்புகளில் பையன் நாயோடு பழகினான், மெல்ல மெல்ல டாக்டரோடும் பேசத் தொடங்கினான். 1961இல் லெவின்சன் இதை அமெரிக்க உளவியல் சங்கக் கூட்டத்தில் சொன்னபோது, சக நிபுணர்களில் சிலர் கேலி செய்தார்கள்.

நம் பக்கத்துக்கு வருவோம். 1991இல் ஹாங்காங்கில் ஜில் ராபின்சன் தன் நாய் மேக்ஸை ஒரு மருத்துவமனைக்கு அழைத்துப் போனதிலிருந்து 'டாக்டர் டாக்' திட்டம் தொடங்கியது. பின்னாளில் அது சென்னைக்கும் வந்தது. ப்ளூ கிராஸ் அமைப்பு அதை முன்னெடுத்தது. கற்றல் சிரமமும் ஆட்டிசமும் உள்ள பிள்ளைகள் படிக்கும் சரஸ்வதி கேந்திராவுக்கு நாய்கள் போய்வந்தன.

மலேசியாவில் இந்தப் பேச்சை எடுத்தவர்களில் முக்கியமானவர் அந்தோணி தனசாயன். ஸ்பைனா பைஃபிடா என்ற முதுகெலும்புக் குறைபாட்டோடு பிறந்தவர், சக்கர நாற்காலியில் வாழ்பவர். தி ஸ்டார் நாளிதழில் 'வீல் பவர்' என்ற பத்தி எழுதியவர், பெட்டாலிங் ஜெயா மாநகர் மன்ற உறுப்பினராகவும் இருந்தவர். மாற்றுத்திறனாளிகளுக்கும் முதியோருக்கும் விலங்குகளின் துணையைக் கொண்டுபோக 'பெட்பாசிட்டிவ்' என்ற சங்கத்தை நிறுவினார். இந்தச் சேவை எப்போதுமே 'நல்லா இருக்கிறவங்க முடியாதவங்களுக்குச் செய்ற உதவி' என்ற கோணத்தில்தான் சொல்லப்படும். இங்கே அதை நடத்தியவரே சக்கர நாற்காலியில் இருந்தார். எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம் அதுதான்.

நாயை விட ஆளுக்குத்தான் வேலை அதிகம்

இந்தச் சேவையை நடத்துபவர்களின் நாள் எப்படி இருக்கும்? பெரும்பாலும் போன், பாரம், கார்ப் பயணம், நாய் குளிப்பாட்டுதல்.

ஒவ்வொரு நாய்க்கும் ஒரு ஆள் உண்டு. பெரும்பாலும் அதன் சொந்தக்காரர்தான். இருவரையும் சேர்த்தே ஒரு ஜோடியாக மதிப்பிடுகிறார்கள். நாய் தேறி ஆள் தேறாவிட்டாலும் உள்ளே விடமாட்டார்கள்.

மதிப்பீட்டில் என்ன பார்ப்பார்கள்? பின்னால் ஒரு தட்டு 'டமார்' என்று விழுந்தால் நாய் என்ன செய்கிறது? சக்கர நாற்காலி கிட்டே வந்தால் ஒதுங்குகிறதா, குரைக்கிறதா? முன்பின் தெரியாத நாலு பேர் ஒரே நேரத்தில் தடவினால்? யாராவது தெரியாமல் வாலை இழுத்துவிட்டால்? தரையில் விழுந்த மாத்திரையை 'வேண்டாம்' என்று சொன்னால் விட்டுவிடுமா? இந்தக் கடைசிக் கேள்வி சாதாரணமானதில்லை. முதியோர் இல்லத் தரையில் மாத்திரை கிடப்பது அவ்வளவு அபூர்வம் ஒன்றுமில்லை.

அதற்கு மேல் தடுப்பூசி, கால்நடை மருத்துவரின் சான்று, நகம் வெட்டுதல். அமெரிக்காவின் பெட் பார்ட்னர்ஸ் போன்ற அமைப்புகள் பச்சை இறைச்சி தின்னும் நாய்களைச் சேர்ப்பதே இல்லை, கிருமி நோயாளிக்குப் போய்விடும் என்ற பயம். தொடுவதற்கு முன்னும் பின்னும் எல்லோரும் கை கழுவ வேண்டும்.

நாய் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. உதட்டை அடிக்கடி நக்குவது, தூக்கம் வராமலேயே கொட்டாவி விடுவது, முகத்தைத் திருப்பிக்கொண்டு கடைக்கண்ணால் பார்ப்பது, வாலைச் சுருட்டுவது எல்லாம் 'போதும்பா' என்று நாய் சொல்லும் விதங்கள். கூட வந்தவர் அதைப் பார்த்ததும் எழுந்து கிளம்ப வேண்டும், தாத்தா இன்னும் ஐந்து நிமிடம் கேட்டாலும். எனக்குத் தெரிந்து இந்த வேலையில் மிகவும் கஷ்டமான இடம் இதுதான்.

உண்மையிலேயே பலன் இருக்கா?

இருக்கிறது, ஆனால் அளவோடு.

1980இல் அமெரிக்காவில் மாரடைப்பு போன்ற இதய நோயோடு மருத்துவமனையில் சேர்ந்த 92 பேரைப் பற்றிய ஆய்வு வந்தது. வீட்டில் பிராணி வளர்த்த 53 பேரில் ஓராண்டுக்குள் இறந்தவர்கள் 3 பேர். வளர்க்காத 39 பேரில் 11 பேர். இந்தக் கணக்கை இன்றும் பலர் மேற்கோள் காட்டுகிறார்கள். ஆனால் பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாம் ஒரே பதிலைச் சொல்லவில்லை. அதோடு, இது வீட்டில் வளர்ப்பவர்களின் கணக்கு, வாரம் ஒருமுறை வந்துபோகும் நாயின் கணக்கு இல்லை.

முதியோர் இல்லங்களில் தனிமை பற்றிய ஆய்வுகள் நம் கேள்விக்கு இன்னும் நெருக்கமானவை. நாய் வந்துபோன இடங்களில் தனிமை உணர்வு குறைந்ததாக அவை சொல்கின்றன. 2008இல் செயின்ட் லூயிஸ் நகரில் ஒரு வேடிக்கையான சோதனை நடந்தது. சிலரிடம் நிஜ நாய் போனது, சிலரிடம் சோனி நிறுவனத்தின் ஐபோ ரோபோ நாய். இரண்டு தரப்பிலுமே தனிமை குறைந்தது! நாய்ப் பிரியர்களுக்கு இது கொஞ்சம் வலிக்கும்.

பக்கவாதத்தையோ மறதி நோயையோ நாய் குணப்படுத்தும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மாத்திரையை நிறுத்தவும் கூடாது.

சரி, மலைக்கு வருமா?

இங்கேதான் சிக்கல். இத்தகைய சேவையை நடத்துபவர்கள் உலகெங்கும் பெரும்பாலும் தன்னார்வலர்கள், நகரவாசிகள். தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்கு ஏறக்குறைய 60 கிலோமீட்டர், அத்தனையும் வளைவு. மனிதருக்கே வாந்தி வரும் பாதையில் ஒரு நாயை ஏற்றிவந்து, உடனே ஒரு பாட்டி பக்கத்தில் அமைதியாக உட்கார் என்றால் நடக்குமா? வெளியூரிலிருந்து வருவதை விட உள்ளூரிலேயே ஒரு ஜோடியைத் தயார் செய்வதுதான் யதார்த்தம்.

அடுத்தது, பக்கத்து வீட்டுக்காரர். 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தோட்டத்தைத் தொடங்கிய காலத்தில் கொழுந்து பறித்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். இன்று லயத்தில் பங்களாதேஷ், இந்தோனேசியா, நேபாளத்திலிருந்து வந்தவர்களும் இருக்கிறார்கள், மருத்துவமனை வார்டில் எல்லா இனத்தவரும் படுத்திருக்கிறார்கள். இங்குள்ள முஸ்லிம்கள் பின்பற்றும் ஷாஃபி வழக்கப்படி, நாயின் ஈரம் பட்டால் ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒருமுறை மண் கலந்த நீரால். 2014 அக்டோபரில் பண்டார் உத்தாமாவில் நாயைத் தொட்டுப்பார்க்கும் நிகழ்ச்சி நடந்து, பெரிய சர்ச்சையானது. எனவே பொது வார்டில் நாயோடு நுழையும் முன் எல்லோரிடமும் கேட்பது மரியாதை மட்டுமில்லை, சேவை நிலைக்க வேண்டுமானால் அதுதான் ஒரே வழி. பூனை, முயல், குதிரை வைத்தும் இதே சிகிச்சையைச் செய்யலாம். சிங்கப்பூரில் மாற்றுத்திறனாளிகளுக்கான குதிரையேற்றச் சங்கம் 1982 முதல் இயங்குகிறது.

வெறிநாய்க்கடி நோயையும் மறக்க முடியாது. மலேசியா 2013இல் அந்த நோய் இல்லாத நாடாக அங்கீகரிக்கப்பட்டது. 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கிலும், 2017இல் சரவாக்கிலும் அது திரும்ப வந்தது. தோட்டத்தில் அவிழ்த்துவிட்ட நாய், ஊசி போட்டதற்குத் தாளில் ஆதாரம் இல்லாத நாய் என்றால் எந்த இல்லமும் கதவைத் திறக்காது.

அப்போ மணி?

மணியை வைத்து நாங்களே ஒரு சின்னச் சோதனை செய்தோம். சித்தப்பா பின்னால் நின்று ஒரு அலுமினியத் தட்டைக் கீழே போட்டார். மணி பாட்டியின் சேலைக்குள் ஒளிந்துகொண்டது. லாரி வந்தால் துரத்துகிறது, தெரியாத ஆள் படியேறினால் உறுமுகிறது. தோட்டத்து நாய் செய்ய வேண்டியதைத்தான் செய்கிறது. ஆனால் வேறு வீட்டுத் தாத்தாவிடம் அதை அழைத்துப் போக முடியாது.

பாட்டிக்கு மட்டும் என்றால் கதை வேறு. அடுத்த முறை மருத்துவமனைக்குப் போனபோது, ரொட்டி விஷயத்தைப் பிசியோதெரபிஸ்டிடம் சொல்லுமாறு தங்கையிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. ஒரு சீப்பு கொடுங்கள், வலது கையால் நாயின் கழுத்திலிருந்து வால் வரை நீளமாகச் சீவட்டும், எத்தனை தடவை என்று எழுதி வாருங்கள் என்றாராம். மணிக்கு ஊசியும் போட்டாயிற்று.

இப்போது தங்கை பள்ளி நோட்டில் கோடு போட்டுக்கொண்டிருக்கிறாள். முதல் நாள் 6. போன வாரம் 14. நேற்று மழை, மணி ஆலைப் பக்கம் போய் ஒதுங்கிவிட்டதாம். பாட்டி சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு "எங்கடா போன, வாடா" என்று வாசலைப் பார்த்தே உட்கார்ந்திருந்தார்.